ஜீப்பின் அடிச்சட்டமும் வீட்டின் நிலையும்

இருபது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை நடுவண் அரசு 2025 ஆகஸ்டில் உயர்த்தி, இலகுரக மோட்டார் வாகனங்களுக்கு அதனை 10,000 ரூபாய் ஆக்கியதிலிருந்து, பழைய ஜீப் ஒன்றை முதன்முதலாக வாங்க எண்ணும் கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கத்து வாசகர்கள் கேட்பதெல்லாம் அந்தக் கட்டணத்தைப் பற்றியே இருக்கிறது. கேட்கவேண்டியது வேறு. இரண்டு மூன்று வண்டிகளை அறுத்து ஒட்டி, பட்டி பார்த்து, பச்சைச் சாயம் பூசி, 1942ஆம் ஆண்டின் போர்க்கால ஜீப் என்று பட்டயம் அறைந்து விற்கும் வழக்கம் இருக்கும்போது, அதைப் பற்றி ஒருவரும் கேட்காமலிருப்பது இப்பத்திக்கு இந்த வாரம் முழுவதும் ஆற்றாமையைத் தந்தது.

அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை ஏறத்தாழ ஒரே அமைப்பில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கால ஜீப்புகளைச் செய்தன. அவற்றின் முகப்புத் தகட்டில் ஒன்பது பிளவுகள் இருக்கும், விளக்குகள் உள்ளடங்கியிருக்கும், பின்புறம் திறக்கும் கதவு இராது. போருக்குப் பின் குடிமக்களுக்கென வந்த வண்டியில் பிளவுகள் ஏழாகக் குறைந்து, விளக்குகள் வெளியே பிதுங்கின. முன்புறக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் என்றும், கவிழ்த்த பள்ளமாக இருந்தால் ஃபோர்டு என்றும் கொள்ளலாம். ஃபோர்டு தன் போல்ட்டுகளில்கூட 'எஃப்' என்னும் எழுத்தைப் பொறித்திருந்தது. இந்தியாவில் விற்பனைக்கு வருவனவற்றுள் பெரும்பாலானவை 1940களின் இறுதியிலிருந்து மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்த வண்டிகளே. உயரமான எஞ்சினுக்கு இடங்கொடுப்பதற்காகப் பானெட் மேடிட்டு நிற்கும் சி.ஜே. 3பி வகையை அமெரிக்கா 1968இல் கைவிட்ட பின்னும் இந்தியா விடவில்லை. அதனை அதன் பெயராலேயே விற்பதில் எந்த இழுக்கும் இல்லை.

வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது, வண்டியின் முழுச் சுமையையும் தாங்கும் இரும்புச் சட்டமாகிய சேசிஸில் உள்ள எண்ணும், எஞ்சின் எண்ணும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவையும் ஒன்றா என்பதையே. உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதனை உறுதி செய்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் கெடாத வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறை 2021இல் வந்தது: 20,000 ரூபாய் கட்டணம், 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண், பத்தாண்டுச் செல்லுபடி. ஆனால் அவ்வெண்ணைப் பெற்ற வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்ட இயலாது என்பதை விற்பவர் சொல்லுவதில்லை.

நான்கு சக்கரங்களும் உந்துகின்றனவா என்பதைத் தார்ச்சாலையில் சோதிப்பது தவறு. இவ்வகை ஜீப்பில் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்து சுழல்வதால், சக்கரம் வழுக்க இடமில்லாத தளத்தில் பற்சக்கரங்கள் முறுக்கேறிப் பழுதாகும். வற்றிய கண்மாயின் மணலே அதற்கு உரிய களம்.

போலிப் பட்டயங்களில் அறையப்படும் அந்த 1942 என்னும் எண் கானாடுகாத்தானில் வேறொரு கணக்கைத் திறக்கிறது. அவ்வாண்டு மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்ற, கீழ்ப்பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடனுக்கு ஈடாகப் பெற்றிருந்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அனைத்தையும் விட்டு வெளியேற நேர்ந்தது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீடுகளுக்குப் பர்மாத் தேக்கைக் கொடுத்த வருவாய் அத்துடன் நின்றது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகி, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வோர் இணைக்கும், ஓர் அறை மட்டுமே பாத்தியமாய் எஞ்ச, ஓடு மாற்றும் செலவை ஏற்பார் இல்லாமற் போனது. அதன்பின் மரவணிகர் வந்தனர்.

இக்குறையை இப்பத்தியின் வாசகர்கள் பலமுறை கேட்டிருப்பர். எனினும் மீண்டும் சொல்லாமலிருக்க இயலாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் நிலையும் தூணும் உத்தரமும் எந்த ஊரின் எந்த வீட்டில் நின்றன என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடைப்பதில்லை. கதவைத் தாங்கும் வேலைப்பாடுள்ள மரச்சட்டமே நிலை. திருமகளின் உருவைத் தலையில் சுமந்து, மணமக்கள் உள்ளே நுழைவதையும் மூத்தோர் இறுதியாக வெளியே செல்வதையும் கண்ட அது, வீட்டைப் பிரிந்த நாளில் எடைக்கும் கன அடிக்கும் விலைபோகும் தேக்காகிவிடுகிறது. அதனைப் பெங்களூரின் விடுதியில் பொருத்துவோர் மீது குற்றமில்லை. அவர்கள் வாங்காவிடில் அது அறுவை ஆலைக்குப் போயிருக்கக்கூடும். வரலாறு தொலைவது விற்பனையால் அன்று, விற்பனையின்போது ஒருவரும் எழுதிவைக்காததால்தான். ஜீப்புக்காவது சேசிஸ் எண் உண்டு, அதனைச் சரிபார்க்க ஆர்.டி.ஓ. அலுவலகம் உண்டு. 1912ஐ ஒட்டி எழுந்த செட்டிநாட்டு அரண்மனையைப் படமெடுக்க வருவோர் பலர். அதற்கு இரண்டு தெரு தள்ளிப் பிரிக்கப்படும் பெயரற்ற வீட்டின் தூண்களை எண்ணுவார் எவருமில்லை. செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா 2014இல் சேர்த்ததும் இந்நிலையை மாற்றவில்லை, ஏனெனில் அப்பட்டியல் தனியார் வீட்டின் ஒரு சாளரத்தைக்கூடக் காக்கும் சட்டம் அன்று.

வீட்டைப் பிரிக்க முடிவெடுத்த பங்காளிகள், ஆசாரி ஏணியைச் சாய்ப்பதற்கு முன், ஒவ்வொரு கட்டையும் படமெடுத்து, நீள அகலங்களைக் குறித்து, ஊர்ப்பெயரையும் வீட்டின் விலாசத்தையும் ஒவ்வொரு மரத்தின் மறைபுறத்திலும் எழுதிவிடவேண்டும். கடையில் நிலை வாங்குவோர், ஜீப்புக்கு ஆர்.சி. கேட்பதுபோலவே, அது எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை இரசீதில் எழுதிக் கேட்கவேண்டும். எழுதித்தர மறுக்கும் கடையில் ஜீப்பும் வாங்கவேண்டா, நிலையும் வாங்கவேண்டா.