அந்த ஸிப் டிஸ்க்கை எறிஞ்சு போடாதேங்கோ

இந்தக் கிழமை எபிசோடில் பழைய சேமிப்புக் கருவிகளைப் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் விட்ட ஒரு விசயத்தை இங்கே எழுதுகிறேன். உங்கட வீட்டு பேஸ்மெண்டில் பரலல் போர்ட் ஸிப் டிரைவ் ஒன்று கிடந்தால், அதை ரீசைக்கிள் பெட்டிக்குள் போட முதல் ஒரு சனிக்கிழமையை அதுக்கு ஒதுக்குங்கோ. லினக்ஸ் அதை இன்னும் வாசிக்கும். எவ்வளவு காலத்துக்கு எண்டதுதான் கேள்வி.

இதைக் கண்டிராதவர்களுக்கு ஒரு விளக்கம். யூஎஸ்பி பரவ முதல், கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் பிரிண்டர் பூட்டுவதற்கு 25 துளை உள்ள ஒரு போர்ட் இருக்கும். அதிலேயே கொழுவக்கூடிய ஸிப் டிரைவை அயோமெகா நிறுவனம் 90களின் நடுவில் விற்றது. ஒரு டிஸ்க்கில் 100 எம்பி, அதாவது கிட்டத்தட்ட 70 ஃபிளாப்பி. எங்கட அப்பா அம்மா தலைமுறை தமிழில் டைப் செய்யப் பழகின காலமும் அதுதான். கடிதங்கள், கோயில் மலர், தமிழ்ப் பள்ளிக்கூடக் கேள்வித்தாள், ஸ்கான் செய்த ஊர்ப் படங்கள் எண்டு எதுவும் அதுக்குள் இருக்கலாம்.

இன்றைய லப்டொப்பில் அந்தப் போர்ட்டே இல்லை. யூஎஸ்பி-பிரிண்டர் கேபிள் வாங்கிக் காசை வீணாக்காதேங்கோ. அது பிரிண்டருக்கு மட்டும்தான் கதைக்கும், ஸிப்புக்குத் தேவையான கட்டுப்பாடு அதில் கிடைக்காது. உண்மையான பரலல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டொப் ஒன்று தேடுங்கோ. பயோஸில் போர்ட்டை இபிபி முறையில் வையுங்கோ, இல்லாட்டி வேகம் ஆமை. கேபிளைக் கொழுவிப் பவர் கொடுத்த பிறகுதான் மெஷினை ஓன் பண்ண வேணும்.

இனி லினக்ஸ். இந்த டிரைவ் உள்ளுக்குள் ஸ்கஸி மொழிதான் பேசும். அதனால் லினக்ஸ் டிரைவர் பரலல் போர்ட்டை ஒரு ஸ்கஸி கார்ட் மாதிரி நடத்தும். இதுக்கு இரண்டு மொடியூல் இருக்கு. ஆரம்பகால ஸிப்புக்கு 'பிபிஏ', ஸிப் பிளஸுக்கும் 1998க்குப் பிறகு வந்த 100 எம்பி டிரைவ்களுக்கும் 'ஐஎம்எம்'. தானாக லோட் ஆகும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ, மோட்ப்ரோப் கட்டளையால் நீங்களே ஏற்ற வேணும். எது உங்கட டிரைவ் எண்டு தெரியாட்டி ஒன்றைப் போட்டுப் பாருங்கோ. பிடிக்காட்டி அதைக் கழற்றிவிட்டு மற்றதைப் போடுங்கோ.

கன பேர் தடுக்கி விழுகிற இடம் பார்ட்டிஷன். பிசிக்காக ஃபோர்மட் செய்து விற்ற ஸிப் டிஸ்க்கில் டேட்டா முதலாவது பார்ட்டிஷனில் இல்லை, நாலாவதில் இருக்கும். முதலாவதில் தேடி "ஒண்டுமில்லை" எண்டு எறிஞ்சு விடாதேங்கோ, நாலாவதைப் பாருங்கோ. அதுக்கும் முதல், மவுண்ட் செய்யாமலே டிடிரெஸ்க்யூவால் முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜ் ஃபைலாக எடுங்கோ. லினக்ஸ் 96 எம்பி எண்டு காட்டினால் பயப்பட வேண்டாம், 1024ஆல் கணக்குப் பார்த்தால் 100 எம்பி டிஸ்க் அவ்வளவுதான். டிரைவ் 'கிளிக் கிளிக்' எண்டு அடிக்கத் தொடங்கினால் உடனே நிப்பாட்டுங்கோ. கெட்டுப்போன டிரைவ் நல்ல டிஸ்க்கையும் கெடுக்கும், இன்னொரு டிஸ்க்கை அதுக்குள் போடாதேங்கோ.

யூஎஸ்பி ஸிப் டிரைவ் ஒன்று செகண்ட் ஹாண்டில் கிடைத்தால் வேலை சுகம் எண்டு சிலர் சொல்லுவினம். சரிதான். 100 எம்பி டிஸ்க்கை அது வாசிக்கும், கிடைத்தால் அதையே பாவியுங்கோ. ஆனால் அந்தக் காலத்தில் பரலல் கேபிளில் ஸிப் மட்டும் வரவில்லை. சிடி டிரைவ், ஹார்ட் டிரைவ், டேப் எல்லாம் வந்தது. அவற்றில் கன சாமான் உள்ளே ஐடிஇ. அதுக்கு லினக்ஸில் 'பாரைட்' எண்டு தனித் தொகுதி இருந்தது. 2023இல் வந்த 6.3 கெர்னலில் அதைத் தூக்கிவிட்டார்கள். சாமான் ஒரேயடியாகச் செத்துப் போகாததுக்குக் காரணம், ஒண்ட்ரெய் ஸாரி எண்ட டெவலப்பர் அதுக்குப் பதிலாக 'பாட்டா பார்போர்ட்' டிரைவரை எழுதிக் கொடுத்ததுதான்.

நான் சொல்ல வாறது இதுதான். அயோமெகாவை 2008இல் இஎம்சி வாங்கியது, இன்றைக்கு அந்தப் பெயரில் கேட்க ஒரு சப்போர்ட் லைன் இல்லை. கொம்பனி போன பிறகும் டிஸ்க்கைத் திறக்க முடியுது எண்டால், சோர்ஸ் கோட் எல்லாருடைய கையிலும் இருப்பதால்தான். ஆனால் சோர்ஸ் திறந்திருந்தால் மட்டும் காணாது. அதைப் பாவிக்கிற ஆக்களும் பார்க்கிற ஆக்களும் இல்லாட்டி ஒரு நாள் அதுவும் வெட்டுப்படும். நான் பிழைப்புக்காகச் செய்யிறதே டேட்டா மைக்ரேஷன். கொம்பனிகள் தங்கட பழைய டேட்டாவுக்குக் காசு கொடுக்கும். உங்கட அம்மம்மாவின் கடிதத்துக்கு ஒருவரும் பட்ஜெட் போட மாட்டினம்.

இன்னொரு பூட்டும் இருக்கு. ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை மாதிரித் தெரியலாம். டிஸ்க் பழுது எண்டு நினைக்காதேங்கோ. அது பாமினி எழுத்துருவில் டைப் செய்த தமிழாக இருக்கலாம், அந்த அரைப்புள்ளிதான் எழுத்துக்கு மேல் வாற புள்ளி. யூனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இலவசமாகவே கிடைக்கும்.

மாற்றின பிறகும் ஒரு வேலை மிஞ்சும். படத்தில் நிற்பது யார், கடிதத்தில் வாற 'பெரியவர்' ஆர் எண்டு எந்த மொடியூலும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை இன்னும் எங்களோடு இருக்கினம், அவைக்கும் வயசு போகுது. இமேஜ் எடுத்த கையோடு லப்டொப்பைக் கொண்டுபோய் அவைக்குப் பக்கத்தில் இருங்கோ, சொல்லுகிற பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி இமேஜோடு சேர்த்து வையுங்கோ.