பழைய பெட்டி... பளிச் படம்!

உங்க வீட்டுப் பரண் மேல என்னெல்லாம் இருக்கு பாஸ்? காலுடைஞ்ச கொலுப்படி, பாட்டியோட பித்தளை அண்டா, நரம்பு அறுந்த ஷட்டில் பேட்... போன தீபாவளிக்கு மாமா வீட்டுப் பரண்ல ஒட்டடை அடிக்க ஏறினப்போ, எனக்குக் கிடைச்சது ஒரு கம்ப்யூட்டர்!

கறுப்பு நிறம். தடிமனான ஒரு புத்தகம் அளவுதான். தனியா சி.பி.யூ. கிடையாது, மானிட்டர் கிடையாது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த கம்ப்யூட்டரும் அடக்கம். மூலையில சிவப்பு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலம்னு சாய்வா நாலு பட்டை. பேரு, ஸ்பெக்ட்ரம் பிளஸ்.

"டேய்... மெதுவா இறக்குடா. சீட்டுப் பணம் எடுத்து வாங்கினது அது!" - கீழேயிருந்து மாமாவின் அலறல்.

அலற நியாயம் இருக்கு. 1982 ஏப்ரல்ல இங்கிலாந்தின் சின்க்ளேர் கம்பெனி இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரமை இறக்கினப்போ, 16 கே மெமரி மாடல் 125 பவுண்டு, 48 கே மாடல் 175 பவுண்டு. அந்தக் காலத்துக்கு அது அடிமாட்டு விலை! 1984-ல் நல்ல கீபோர்டோட வந்த தம்பிதான் ஸ்பெக்ட்ரம் பிளஸ். அதை உரிமம் வாங்கி 1980-களில் இந்தியாவுலயும் டெசிபெல்ஸ்னு ஒரு கம்பெனி விற்றது. அப்படி வந்து சேர்ந்ததுதான் மாமாவோட பெட்டி.

சரி, ஆன் பண்ணிப் பார்ப்போம்னு ஹால்ல இருந்த பெரிய எல்.இ.டி. டிவியோட ஆன்டெனா சாக்கெட்ல சொருகினோம். டிவி சொன்ன பதில்: 'நோ சிக்னல்'. சேனல் சேனலாத் தேடினோம். ஒரு செகண்ட் புள்ளி புள்ளியா என்னவோ தெரியும். உடனே டிவிக்குக் கோபம் வந்து மறுபடியும் நீலத் திரை.

"என் பிளாக் அண்ட் ஒயிட் டிவியில நல்லாத்தானே தெரிஞ்சுது..." மாமா முகம் சுருங்கிப்போச்சு.

இந்த வாரம் மேட்டரே அதுதான் மக்களே. பழைய ஹோம் கம்ப்யூட்டர்ல இருந்து இன்னிக்கு டிவியில நல்ல படம் வரவைக்கிறது எப்படி?

படம் எங்கே பிறக்குது?

முதல்ல ஒரு விஷயம். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் வாங்குறவங்ககிட்ட மானிட்டர் வாங்கவும் காசு இருக்காது. வீட்ல இருக்கிற டிவிதான் மானிட்டர். அந்த டிவிக்களில் பெரும்பாலும் இருந்த ஒரே வாசல் ஆன்டெனா சாக்கெட். அதனால ஸ்பெக்ட்ரம் என்ன பண்ணும் தெரியுமா? தன்னை ஒரு குட்டி டிவி ஸ்டேஷன் மாதிரி மாத்திக்கும்!

உள்ளே யு.எல்.ஏ.ன்னு ஒரு சிப் இருக்கு. 256-க்கு 192 புள்ளிகள் கொண்ட படத்தை வரையறது அதுதான். அது வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனி சிக்னலா கொடுக்கும். அடுத்து எல்.எம்.1889னு இன்னொரு சிப். அது நிறங்களைக் கலக்க, எல்லாம் சேர்ந்து ஒரே ஒயரில் ஓடும். இதுக்குப் பேர் காம்போசிட். கடைசியா, ஒரு தகர டப்பா. அதுதான் மாடுலேட்டர். அந்த காம்போசிட் சிக்னலை யு.எச்.எஃப். 36-ஆவது சேனல் அலைவரிசையில ஏத்தி அனுப்பும். டிவி அதை ட்யூன் பண்ணி, இறக்கி, பிரிச்சு, மறுபடி படமாக்கணும்.

பக்கத்து பெஞ்ச்ல இருக்கிற ஃப்ரெண்டுக்குத் துண்டுச்சீட்டை நேரா நீட்டாம, கவர்ல போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, தபால் பெட்டியில போடுற மாதிரி! போய்ச் சேரும். ஆனா கசங்கித்தான் சேரும்.

ஆக, நாம புதுசா எதையும் சேர்க்க வேண்டியதில்லை பாஸ். நல்ல படம் ஏற்கனவே பெட்டிக்குள்ள இருக்கு. தகர டப்பாவுக்கு ஒரு படி முன்னாடியே கை நீட்டி வாங்கிக்கணும். அவ்வளவுதான்!

மாமா போட்ட கண்டிஷன்

பிளானைச் சொன்னதும் மாமா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "எதையும் வெட்டக்கூடாது. ஓட்டை போடக்கூடாது. நாளைக்கே பழையபடி ஆக்கிக் கொடுன்னா ஆக்கணும்."

அப்போ எனக்கு எரிச்சலாத்தான் இருந்தது. இப்போ யோசிச்சா, இந்த வேலைக்கான முதல் ரூலே அதுதான். ஸ்பெக்ட்ரமை இனி யாரும் பழைய மாதிரி தயாரிக்கப் போறதில்லை. உலகத்துல இருக்கிற ஒவ்வொரு பெட்டியும் மிச்சம் இருக்கிற பெட்டி. டிரில்லரை வெச்சு ஒரு ஓட்டை போட்டா, அது ஓட்டைதான்.

நல்ல பிள்ளையா ஸ்க்ரூவைக் கழட்டினேன். மூடியைத் தூக்கினேன். 'டப்'!

கீபோர்டையும் போர்டையும் இணைக்கிற பிளாஸ்டிக் ரிப்பன் ரெண்டு உண்டு. முப்பது நாற்பது வருஷத்துல அது காஞ்ச அப்பளம் மாதிரி ஆகியிருக்கும்னு ஊருக்கே தெரியும். எனக்குத்தான் அவசரம். ஒண்ணு ஒடிஞ்சு கையோட வந்துடுச்சு. மாமா ஒரு வார்த்தை திட்டலை. எழுந்து உள்ளே போயிட்டார். அது திட்டுறதை விடக் கொடுமை!

நல்லவேளை, இந்தக் கீபோர்டு மெம்ப்ரேனை மட்டும் இன்னமும் புதுசா தயாரிச்சு விற்கிறாங்க. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி, மூணு வாரம் மாமா கண்ணுல படாம சுத்தினேன். நீங்க என்னை மாதிரி பல்பு வாங்காதீங்க. மூடியை ரெண்டு விரல் உயரம் மட்டும் தூக்கி, ரிப்பனை அடிப்பக்கம் பிடிச்சு நேரா உருவுங்க.

கையில சால்டரிங் அயர்ன்

மாடுலேட்டர் டப்பாவுக்குப் போர்டுல இருந்து ரெண்டு ஒயர் போகும். ஒண்ணு 5 வோல்ட் கரண்ட். இன்னொண்ணு காம்போசிட் வீடியோ. எது எதுன்னு கண்ணால முடிவு பண்ணாதீங்க, மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க.

ரெண்டையும் வெட்டாம, சால்டரை உருக்கி எடுத்துடணும். 5 வோல்ட் ஒயர் முனையில இன்சுலேஷன் டேப் சுத்தி ஓரமா ஒதுக்கி வைங்க. டப்பாவுக்குள்ள, வெளி சாக்கெட்டோட நடு முனைக்குப் போற ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் உருக்கித் தூக்கி விடுங்க. இப்போ வீடியோ ஒயரை நேரா அந்த நடு முனையில் வெச்சு சால்டர் பண்ணினா வேலை முடிஞ்சது! ஆன்டெனா சிக்னல் வந்த அதே சாக்கெட்ல இப்போ காம்போசிட் வரும். டிவியோட மஞ்சள் ஏ.வி. சாக்கெட்ல சொருகிக்கலாம். சில டிவி நேரடி சிக்னலை ஏத்துக்காம முரண்டு பிடிக்கும். அப்போ நடுவுல ஒரு கெபாசிட்டர் போடுவாங்க.

அயர்னைத் தொடவே பயமா? ஸ்பெக்ட்ரமோட பின்பக்க எட்ஜ் கனெக்டர்லயே காம்போசிட் வீடியோவுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்காங்க, கம்பெனி மேனுவல்லயே படம் போட்டிருக்கு. ஆனா மெஷின் ஆன்ல இருக்கும்போது அங்கே எதையும் சொருகாதீங்க. சிப் புகைஞ்சுடும்.

இன்னொரு எச்சரிக்கை, அடாப்டர். 9 வோல்ட்தான், ஆனா நடு முனை நெகட்டிவ். இப்போ கடையில கிடைக்கிறதுல பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ். மாத்திச் சொருகினா சங்கு! அப்புறம், ட்யூப் வெச்ச பழைய டிவியை மட்டும் திறந்துடாதீங்க. ஆஃப் பண்ணின பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஒளிஞ்சிருக்கும்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே மருந்தா?

இல்லவே இல்லை! படம் எங்கே பிறக்குதுங்கிறது பெட்டிக்குப் பெட்டி மாறும்.

அதே 1982-ல் அமெரிக்காவுல வந்த கமோடோர் 64 இன்னும் கெட்டிக்காரன். வெளிச்சத்தையும் நிறத்தையும் ரெண்டு தனி ஒயர்ல வெளியே கொடுத்துடும். 1987-ல் எஸ்-வி.எச்.எஸ். வீடியோ டெக்கோட பிரபலமான எஸ்-வீடியோவோட ஐடியாவும் இதேதான்! இதுக்குப் பெட்டியைத் திறக்கவே வேணாம். 8 பின் சாக்கெட்டுக்கு ஏத்த கேபிள் போதும். நிற சிக்னல் கொஞ்சம் ஓவரா வரும், அதை அடக்க அந்த ஒயர்ல சுமார் 300 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒண்ணு. ஆரம்ப காலத்து 5 பின் மாடல்ல மட்டும் இந்த வசதி கிடையாது.

1981-ல் வந்த பி.பி.சி. மைக்ரோ, 1984-ல் ஆரம்பிச்ச 'கிளாஸ்' திட்டத்துல நம்ம நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் வந்த பெட்டி. அதுல ஆன்டெனா, காம்போசிட், ஆர்.ஜி.பி.ன்னு மூணு வாசல். காம்போசிட்ல பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான் வரும். ஆனா ஆர்.ஜி.பி.யில சிவப்பு, பச்சை, நீலம் மூணும் தனித்தனியா, கத்தி மாதிரி ஷார்ப்பா வரும். அந்த மூணு ஒயரும் ஆன், ஆஃப் மட்டும்தான் பேசும். அதனாலதான் மொத்தம் எட்டே நிறம்.

இப்போதான் ட்விஸ்ட்! 1977-ல் வந்த ஆப்பிள் 2-ல, ஒயர் ஷார்ப்பா இருக்க இருக்க நல்லதுன்னு காம்போசிட்டைத் தாண்டி உள்ளே கை வெச்சீங்கன்னா... நிறமே காணாமப் போயிடும்! ஏன்னா ஸ்டீவ் வாஸ்னியாக் அதுல நிறத்துக்குன்னு தனி சிக்னலே வைக்கலை. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை அமெரிக்க டிவியின் நிற அலைக்குத் தோதான வேகத்துல அனுப்பினார். அதை டிவி நிறம்னு நம்பி ஏமாந்தது. அந்த ஏமாற்றம்தான் கலர் படமே! அதனால ஆப்பிள் 2-ஐ இன்னிக்கு ஷார்ப்பா காட்டணும்னா, அந்தப் பழைய டிவி ஏமாந்த விதத்தையும் நாம கணக்குப் போட்டுக் காட்டியாகணும்.

எச்.டி.எம்.ஐ. பெட்டி வாங்கலாமா?

'இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யா மாத்துற டப்பா கிடைக்குதே'ன்னு கேட்பீங்க. கிடைக்குது. ஆனா நம்ம பெட்டி அனுப்புறது வினாடிக்கு 50 முழுப் படம். அந்த டப்பா அதை 'பாதிப் படம் பாதிப் படமா வருது போல'ன்னு தப்பா நினைச்சு, ரெண்டு ரெண்டா ஒட்டும். ஓடுற பொம்மை சீப்புப் பல் மாதிரி கிழியும். கீயை அமுக்கினா ஒரு நொடி யோசிச்சுத்தான் குதிக்கும். கேம் ஆடுறவங்களுக்கு அது போதும், செத்துடுவாங்க!

இந்தப் பழைய சிக்னலைப் புரிஞ்சுக்கிற பெட்டிகள் தனியா இருக்கு. ஆர்.ஜி.பி. வெச்சிருந்தா ஓ.எஸ்.எஸ்.சி., காம்போசிட் அல்லது எஸ்-வீடியோன்னா ரெட்ரோடிங்க் 2 எக்ஸ். பி.பி.சி. மைக்ரோக்கு ராஸ்பெர்ரி பை ஜீரோவை வெச்சுச் செய்யற 'ஆர்.ஜி.பி. டு எச்.டி.எம்.ஐ.' போர்டு. விலை கொஞ்சம் கடிக்கும். முதல்ல டிவியோட ஏ.வி. சாக்கெட்லயே பார்த்துட்டு, திருப்தி இல்லைன்னா மட்டும் பர்ஸைத் திறங்க.

மாமா டைப் அடிச்ச ரெண்டு வரி

மெம்ப்ரேன் வந்துச்சு. மாட்டினேன். மஞ்சள் ஒயரைச் சொருகினேன். வெள்ளைத் திரை, கீழே ஒரே ஒரு வரி: சின்க்ளேர் கம்பெனி பேரும் 1982-ம். மாமாவைக் கூப்பிட்டேன்.

உட்கார்ந்தார். விரல் தானாப் போச்சு. ஸ்பெக்ட்ரம்ல ஒரு கீயை அமுக்கினா 'ப்ரிண்ட்'னு முழு வார்த்தையும் வரும். முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் எந்த கீ எங்கேன்னு அவர் மறக்கலை. ரெண்டே வரி புரோகிராம். முதல் வரியில ஒரு பெயரை ப்ரிண்ட் பண்ணச் சொல்றார், இங்க் 2, பேப்பர் 6. அடுத்த வரி, திரும்ப முதல் வரிக்கே போ.

திரை முழுக்க அவரோட தங்கச்சி பேர். அதாவது, எங்கம்மா பேர். "பெட்டி வாங்கின அன்னிக்கு மொதல்ல அடிச்சது இதாண்டா. அவதான் பக்கத்துல உட்கார்ந்திருந்தா."

மஞ்சள் பட்டையில சிவப்பு எழுத்து. பக்கம் நிறைஞ்சதும் 'ஸ்க்ரோல்?'னு கேட்டு நின்னுது. மாமா ரொம்ப நேரம் எந்த கீயையும் அமுக்கலை.

"சிவப்பா இது?"ன்னார்.

அப்போதான் எனக்கு உறைச்சுது. ஸ்பெக்ட்ரம்ல நிறங்களுக்கு 0-லேர்ந்து 7 வரை நம்பர் கொடுத்ததே வெளிச்ச வரிசையிலதான். கறுப்பு வெள்ளை டிவியில பார்த்தா நம்பர் ஏற ஏற வெளுத்துக்கிட்டே போகும். மாமா 2-னு போட்டது சிவப்புக்குத்தான். ஆனா அவர் பார்த்தது கருஞ்சாம்பல். 6-னு போட்டது மஞ்சளுக்கு. அவர் பார்த்தது வெளிர்சாம்பல். இத்தனை வருஷமா அந்தச் சிவப்பு பெட்டிக்குள்ளேயேதான் இருந்திருக்கு!

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினோம். "அண்ணே, நான் கேட்டது பச்சை கலருல்ல!"ன்னாங்க.

மாமா சிரிச்சுக்கிட்டே 2-ஐ அழிச்சுட்டு 4 அடிச்சார்.

உங்க பரண்லயும் ஏதாவது பெட்டி தூங்குதா பாஸ்? இறக்குங்க. ஆனா மெதுவா!