எதற்கெடுத்தாலும் "கூடாது" என்றால் 5 காசு அபராதம்!

பத்துப் பேர் கூடினால் பத்து யோசனை பிறக்கும் என்பார்கள். ஆனால் பத்துப் பேர் கூடி, ஒருவர் மட்டும் பேசி, மற்ற ஒன்பது பேரும் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தால் அதற்குப் பெயர் கூட்டமா? இல்லை. அது தண்டனை.

பாளையங்கோட்டை பள்ளிகளும் கல்லூரிகளும் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் நிறைந்த ஊர். அங்கே கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆசிரியர் கூட்டம், அலுவலர் கூட்டம், கூட்டுறவுச் சங்கக் கூட்டம், மகளிர் குழுக் கூட்டம் என்று எங்காவது ஒன்று நடந்து கொண்டே இருக்கும். பல இடங்களில் தேநீர் வருகிறது. வடை வருகிறது. முடிவுதான் வருவதில்லை!

ஒரு சின்னக் கணக்கு. 20 பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், செலவானது ஒரு மணி நேரம் அல்ல. 20 மணி நேரம். தினம் 8 மணி நேரம் உழைக்கும் ஒருவருடைய இரண்டரை நாள் வேலை அது. பணத்தை இப்படி இறைத்தால் யாராவது சும்மா இருப்பார்களா?

மானூர் கண்ட வழி

கூட்டத்தை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று நெல்லைச் சீமை நேற்று இன்று யோசிக்கவில்லை. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்தது.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் இருக்கிறது மானூர். அங்கே உள்ள கோவிலில் ஒரு கல்வெட்டு உண்டு. மாறன் சடையன் என்ற பாண்டிய மன்னன் காலத்தில், கி.பி. 800-ம் ஆண்டையொட்டி வெட்டப்பட்டது. சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பலரும் படித்திருப்பார்கள். மானூர்க் கல்வெட்டு அதைவிட நூறாண்டு மூத்தது.

மானூர்ச் சபையார் பறை அறைந்து கூட்டம் கூட்டினார்கள். சபையில் யார் யார் இருக்கலாம், எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்று விதி செய்தார்கள். அதில் ஒரு விதி மிகவும் சுவையானது. சபையில் எந்த யோசனை வந்தாலும் "அல்ல, அல்ல" என்று சொல்லித் தடை செய்பவருக்கு அபராதம்! ஒவ்வொரு தடைக்கும் 5 காசு. அவருக்குத் துணை நிற்பவருக்கும் அதே அபராதம்.

எதிர்த்துப் பேசவே கூடாது என்பதல்ல இதன் பொருள். எதிர்ப்பு வேறு, முட்டுக்கட்டை வேறு. "இந்த வழியில் இன்ன குறை இருக்கிறது, அந்த வழி நல்லது" என்பவர் வண்டியைத் திருப்பி விடுகிறார். எதைச் சொன்னாலும் "நடக்காது" என்பவர் அச்சாணியைப் பிடுங்கி விடுகிறார். மானூரார் அபராதம் போட்டது இரண்டாமவருக்குத்தான்.

உள்ளே வர முடியாதவர்கள்

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மானூர்ச் சபையில் எல்லாருக்கும் இடம் இல்லை. நிலப் பங்கு உள்ளவராக இருக்க வேண்டும். வேதம் கற்றவராகவும் இருக்க வேண்டும். அந்த நிலத்தை உழுதவர்களும், நாற்று நட்ட பெண்களும் வெளியேதான் நின்றார்கள்.

பேசுகிறவரை அடக்க மானூரார் விதி செய்தார்கள். பேச வழியில்லாதவருக்கு ஒரு விதியும் செய்யவில்லை. இன்றைய கூட்டங்களிலும் பெரிய குறை இதுதான். முட்டுக்கட்டை போடுகிறவரை எல்லாரும் பார்க்கிறார்கள். மூலையில் வாய் மூடி உட்கார்ந்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை.

வாயை அடைத்தால் என்ன நடக்கும்? அதையும் இந்தச் சீமையே கண்டது. 1908-ம் ஆண்டு தூத்துக்குடி அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அங்கே கோரல் நூல் ஆலையில் கூலி குறைவு; வேலை நேரம் அதிகம்; வார விடுமுறை கிடையாது. பிப்ரவரி மாதக் கடைசியில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழி காட்டினார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. விடுமுறையும் கிடைத்தது. அடுத்த சில நாட்களில் வ.உ.சி. கைதானார். அவர் அடைக்கப்பட்ட இடம் பாளையங்கோட்டைச் சிறை.

ஆலை நின்ற பிறகு கொடுத்ததை, ஆலை ஓடும்போதே உட்கார்ந்து பேசிக் கொடுத்திருக்கலாம் அல்லவா?

அந்தப் பாடத்தைப் பின்னர் சட்டமும் ஏற்றுக் கொண்டது. 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் 'பணிக்குழு' என்ற ஏற்பாடு வந்தது. 100 தொழிலாளருக்குக் குறையாத இடத்தில் அரசு உத்தரவிட்டால் இந்தக் குழுவை அமைக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. 2020-ம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்தக் குழு இருக்கிறது. 20 தொழிலாளர் உள்ள இடத்தில் குறை தீர்க்கும் குழுவும் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதில் பெண்களுக்குத் தக்க இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

சட்டம் நாற்காலி போடும். அதில் உட்கார்ந்தவரைப் பேச வைப்பது தலைவரின் பொறுப்பு.

தலைவர் செய்ய வேண்டியது

முதலில், கூட்டம் எதற்கு என்று ஒரே வரியில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத வரவில்லையா? கூட்டமே வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். எழுத வந்தால், அந்த வரியை முதல் நாளே எல்லாருக்கும் தெரிவிக்க வேண்டும். யோசித்து வருகிறவர்தான் உருப்படியாகப் பேசுவார்.

அடுத்து, அந்த வேலையைக் கையால் செய்கிறவரை அழைக்க வேண்டும். இயந்திரம் ஏன் அடிக்கடி நிற்கிறது என்பது மேலாளரைவிட எண்ணெய் போடுகிறவருக்கு நன்றாகத் தெரியும். அவரை வெளியே நிறுத்திவிட்டு இயந்திரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

மூன்றாவது, தலைவர் கடைசியில் பேச வேண்டும். பெரியவர் முதலில் கருத்தைச் சொல்லிவிட்டால் சின்னவர்கள் "ஆமாம் சாமி" போடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவரிடமிருந்து கேட்கத் தொடங்கினால் உண்மை வெளியே வரும். அவர் சொல்வது தவறாக இருந்தாலும் சிரிக்கக் கூடாது. ஒரு முறை சிரித்தால் போதும். அவர் மறுபடி வாய் திறக்க மாட்டார்.

நான்காவது, குறை சொல்பவரிடம், "சரி, என்ன செய்யலாம்?" என்று அன்போடு கேட்க வேண்டும். இது 5 காசு அபராதத்தைவிட நல்ல மருந்து.

கடைசியாக, எந்த வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் எழுதி, கலைவதற்கு முன் உரக்கப் படிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலை, அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பதுதான். சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடிக்கவும் வேண்டும்.

வீட்டுக்கும் இதே வழிதான். பெண்ணின் கல்யாணப் பேச்சில் எல்லாரையும் கேட்கிறார்கள்; பெண்ணை மட்டும் கேட்பதில்லை. அது நல்ல கூட்டமா?

கூட்டம் முடிந்த பிறகு டீக்கடை வாசலில் நாலு பேர் நின்று பேசுவார்கள். "அங்கே சொல்ல முடியுமா?" என்று தொடங்கும் அந்தப் பேச்சில்தான் பெரும்பாலும் உண்மை இருக்கும். அந்தப் பேச்சு கூட்டத்துக்குள்ளேயே, பயமில்லாமல் நடக்கும்படி செய்கிறவரே நல்ல தலைவர்.