அந்தக் கண்கள் யாருடையவை?

பத்தாம் வகுப்பு மாணவி

சென்ற ஆண்டு நம் பள்ளி ஓவியக் கண்காட்சியில் என் வகுப்புத் தோழி வரைந்த மாதா படம் இருந்தது. மாதா கண்டாங்கிச் சேலை உடுத்தி, தலையில் பிச்சிப்பூ சூடி, திண்ணையில் அமர்ந்திருந்தார். பின்னால் குற்றால மலை. ஆனால் கண்கள் மட்டும் பூனைக்கண்கள். "இதென்ன, சட்டைக்கார மாதாவா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் ஆச்சியின் தகப்பனார் ரெயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர். தாயார் செங்கோட்டைப் பக்கத்துத் தமிழ்ப்பெண். மாதாவுக்கு அவள் வைத்தது ஆச்சியின் கண்களை. இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவள் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

வரைவதானால் முழுக்க நம் ஊர்ப் பெண்ணாக வரைய வேண்டும், இல்லையேல் வெள்ளைக்காரப் பெண்ணாக வரைய வேண்டும், இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கோயிலில் உள்ள மாதா சுரூபத்தின் முகம் ஐரோப்பிய முகம். திருவிழா அன்று அந்தச் சுரூபத்திற்கே பட்டுச்சேலை சாத்தி மல்லிகைச் சரம் அணிவிக்கிறோம். அதைக் கண்டு யாரும் சிரிப்பதில்லையே! என் தோழி செய்தது அதைவிட உண்மையானது. அவள் கலந்தது தன் சொந்த வீட்டில் இருப்பதைத்தான்.

ஓவியம் கற்பிக்கும் சிஸ்டரிடம் இதைப் பேசியபோது அவர் ஜார்ஜ் கீற் என்ற இலங்கை ஓவியரைப் பற்றிச் சொன்னார். 1901-இல் கண்டியில் பிறந்தவர். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் குடும்பம். 'பறங்கியர்' என்பது இலங்கையில் குடியேறிய ஐரோப்பியருக்கும் அந்நாட்டு மக்களுக்கும் பிறந்த வழியினருக்கு அங்குள்ள பெயர். ஆங்கிலம் பேசி, ஆங்கிலப் பள்ளியில் படித்து வளர்ந்த அவர் புத்த விகாரைகளிலும் பழங்கதைகளிலும் மனத்தைப் பறிகொடுத்தார். 1939-40-இல் கொழும்பு பொரளையிலுள்ள கோதமி விகாரையின் சுவர்களில் புத்தரின் வாழ்க்கையைத் தீட்டினார். சித்திரசபையைப் பார்த்த நமக்குச் சுவர் ஓவியம் புதிதல்ல. ஆனால் ஒரு பறங்கியர் விகாரைச் சுவரில் வரைந்தார் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் அவரே.

சிஸ்டர் காட்டிய படங்களில் பெண்களின் நீண்ட விழிகளும் வளைந்த கோடுகளும் நம் நாட்டுச் சிற்பங்களை நினைவூட்டின. ஆயினும் ஒரே முகம் பக்கவாட்டிலும் நேராகவும் தெரிந்தது! அது பிக்காசோ போன்ற ஐரோப்பியர் காட்டிய வழி. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று நான் தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. 1943-இல் கொழும்பில் '43 குழு' என்னும் ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1993-இல் காலமானார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். இலங்கையை ஆண்ட ஒல்லாந்தர் நல்லவர்களா? கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தவர்கள் அவர்கள். புனித யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் ஒளிந்து ஒளிந்து திருப்பலி நிறைவேற்ற நேர்ந்தது அவர்களால்தான். பிறகு அவருக்கு அடைக்கலம் தந்தவர் கண்டியின் புத்த அரசர். நம் நாட்டை ஆண்ட வெள்ளையரும் நம்மைச் சமமாக நடத்தவில்லை. ஆனால் அந்தக் கணக்கை ஆச்சியின் கண்களில் தீர்ப்பது என்ன நியாயம்? பாட்டனார் யார் என்பதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. எதை வரைவது என்பதை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். கண்களைக் கறுப்பாக்கியிருந்தால் அன்று யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. அந்தத் துணிவு எனக்கு இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

படம் இப்போது அவள் வீட்டில், ஆச்சியின் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறது. போன வாரம் அங்கே போய் மன்னிப்புக் கேட்டேன். இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுவருவாயா என்றும் கேட்டேன்.

"ஆச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றாள்.