மழை ஃபைலைக் காட்டுங்கள்

சென்னையில் மழைநீர் வடிகால் திட்டம் என்றாலே கூடவே ஒரு கனத்த ரிப்போர்ட் வரும். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று நீலத்திலும் சிவப்பிலும் தீட்டியிருக்கும். அந்தப் படங்களைக் கணினியில் ஓட்டி எடுப்பதுதான் என் பிழைப்பு. கூட்டங்களில் படத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். உள்ளே எந்த மழையைப் போட்டீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் பயன்படுத்துவது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971-இல் உருவாக்கி, இன்று இலவசமாகத் தரும் ‘ஸ்விம்’ மென்பொருள். அதற்கு மழையைத் தனி ஃபைலாகக் கொடுக்கலாம். நோட்பேடில் திறந்தால் வரிக்கு வரி நிலையத்தின் பெயர், ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், கடைசியில் ஓர் எண். 12.5 என்று இருக்கிறது, சரி. கால் மணி நேரத்தில் பெய்த மில்லிமீட்டரா, மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற வேகமா? அந்த வரியில் பதில் கிடையாது. பிரதான ஃபைலில் இருக்கும் ஒரே ஒரு சொல்தான் அதைத் தீர்மானிக்கிறது. கால் மணி அளவை வேகம் என்று குறித்துவிட்டால், பெய்த மழையில் முக்கால் பங்கு காணாமல் போய்விடும். மென்பொருள் முணுமுணுக்காது. படமும் அழகாகவே வரும்.

எந்த மழைமானி என்பதும் லேசுப்பட்ட கேள்வி அல்ல. 2015 டிசம்பர் 1 மழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. நுங்கம்பாக்கத்துக் கணக்கை வைத்துத் தாம்பரத்து வடிகாலைச் சோதித்தால் அது தாராளமாகப் பாஸாகும்.

குழாயின் சொரசொரப்பு எண்ணும் இப்படித்தான். வழுவழுப்பான கான்கிரீட்டுக்கு 0.013. மண்ணும் பாலித்தீனும் படிந்த குழாய்க்கு அதை 0.026 ஆக்கினால் கொள்ளளவு பாதியாகிவிடும். நம்மூர் வடிகாலுக்கு எது பொருந்தும் என்று தூர் வாரும் தொழிலாளியைக் கேட்டாலே தெரியும்.

ஆகவே ரிப்போர்ட்டோடு மழை ஃபைலையும் பிரதான ஃபைலையும் மாநகராட்சி இணையதளத்தில் போட வேண்டும்; டெண்டரிலேயே இதை நிபந்தனையாக்க வேண்டும். சாதாரண எழுத்துக் கோப்புகள்தானே, சிவில் மாணவர் எவரும் வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ‘எங்கள் உழைப்பைக் காப்பியடிப்பார்கள்’ என்று எங்கள் தொழிலில் சிலர் முறைக்கிறார்கள். மழை வானிலைத் துறை அளந்தது. குழாய் மக்கள் வரிப்பணத்தில் போட்டது. ஓட்டிக் கொடுத்ததற்குத்தான் பில் போட்டுவிட்டோமே.