போர்டில் இருக்கும் நம்பரை நம்பாதீர்கள்

மின்சாரக் கார் வாங்கிய நம் வயதுக்காரர்கள் பலர் சார்ஜிங் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுப்பது போர்டில் உள்ள கிலோவாட்டைப் பார்த்துத்தான். 60-ஐ விட 120 உசத்தியாம்! நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் கார் 50-க்கு மேல் வாங்காது என்றால் 120-இல் சொருகினாலும் 50-தான். இரண்டு கன் உள்ள 60 கிலோவாட் மெஷினில் பக்கத்தில் இன்னொருவர் சொருகிவிட்டால், பல இடங்களில் உங்கள் பங்கு 30 ஆகிவிடும். அரை மணியில் ஏற வேண்டிய 24 யூனிட், முக்கால் மணிக்கு மேல் இழுக்கும்.

நான் பார்ப்பது வேறு. குறைந்தது இரண்டு மெஷின் உண்டா? இன்று காலையில் யாராவது அங்கே சார்ஜ் ஏற்றினார்களா? ராத்திரியில் விளக்கு எரியுமா? சுத்தமான கழிப்பறை உண்டா? சர்க்கரைக்காரர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி.

விழுப்புரம் தாண்டி ஓரிடத்தில் தனி ஆப், ஓடிபி, வாலட்டில் முன்பணம் என்று வெயிலில் நிற்க வைத்தார்கள். பெட்ரோல் பங்க்கில் மெம்பராகச் சேர்ந்தா பெட்ரோல் போட்டோம்? யூபிஐயில் ஸ்கேன் பண்ணிப் பணம் கட்ட விடாத ஸ்டேஷனுக்கு நான் போவதில்லை. காருக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, சார்ஜ் ஏற்ற 18 சதவீதம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

இன்னொன்று. 100 வரை ஏற்றுவேன் என்று உட்காராதீர்கள். 80-க்கு மேல் வேகம் குறைந்துவிடும். பின்னால் காத்திருப்பவர் முறைத்தால், நான் அவர் கட்சி.