தாண்டிப் போகும் சங்கீதம்

மார்கழி இரவு, மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மயிலாப்பூர் சபா ஒன்றில் மங்களம் பாடி முடிக்கிறார்கள். கேன்டீனில் கடைசி டிகிரி காபியைக் குடித்துவிட்டு ரசிகர்கள் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறார்கள். தெருமுனைத் துணிக்கடை இன்னும் ஷட்டரை இறக்கவில்லை. அந்தக் கடைப்படியில் படுக்க வேண்டிய குடும்பம் ஒன்று, சுருட்டிய பாயோடு எதிர்ப்பக்கம் காத்திருக்கிறது. கடை சாத்தினால்தான் அவர்களுக்குப் படுக்கை. அன்றைய தோடி எப்படி இருந்தது என்று பேசிக்கொண்டே வருகிறவர்கள், பாயையும் மடியில் தூங்கிப்போன குழந்தையையும் சுற்றிக்கொண்டு நடந்து போகிறார்கள்.

வீடற்றவர்கள் யார் என்றால், ஆப்பெரா பார்த்துவிட்டு வெளியே வரும்போது நாம் தாண்டி வருகிறோமே, அவர்கள்தான் என்று 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டன் அமைச்சர் ஒருவர் சொன்னதாகப் பரவிய பேச்சு அந்த நாட்டில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்தப் பேச்சுக்கு அங்கே கலைஞர்கள் தந்த பதில் கவனிக்கத்தக்கது. 2002-ல் ‘ஸ்ட்ரீட்வைஸ் ஆப்பெரா’ என்ற அமைப்பு உருவானது. யாரைத் தாண்டிப் போனார்களோ, அவர்களையே அது பாட அழைத்தது. 2016 ஈஸ்டரின்போது மான்செஸ்டரின் பழைய சந்தைக்கூடம் ஒன்றில், ‘தி சிக்ஸ்டீன்’ என்ற புகழ்பெற்ற பாடகர் குழுவோடு சேர்ந்து, பாக்கின் மத்தேயு பாடுகள் இசைப்படைப்பை அவர்கள் நிகழ்த்தினார்கள். தெருவில் வாழ்ந்த அனுபவம் உள்ளவர்கள் மாறி மாறி இயேசுவாக நடித்தார்கள். பிபிசி அதை ஒளிபரப்பியது.

சென்னையின் பதில் என்ன? யுனெஸ்கோ 2017-ல் இந்த நகரத்தை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையைப் பேசும் மேடைகள் பல. அந்த நகரத்தின் நடைபாதையிலும் காப்பகங்களிலும் இரவைக் கழிப்பவர்கள் முன்னால் ஒரு தம்புரா வைக்கப்படுவதோ மிக அரிது. இந்த நிலை மாற வேண்டும். டிசம்பர் சீசன் நடத்தும் ஒவ்வொரு சபாவும், தன் அட்டவணையில் ஒரு முழுக் கச்சேரியையாவது வீடற்றோர் காப்பகம் ஒன்றில் நடத்த வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

சோற்றுக்கு வழியில்லாதவனுக்கு சங்கீதமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கூரைக்குப் பதிலாகக் கச்சேரி என்று யாராவது கிளம்பினால் அதை எதிர்ப்பதில் நாமே முன்னால் நிற்போம். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கு இடம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் வலியுறுத்தியது. பெருநகரச் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பின்போதே 66 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு காப்பகம் குறைந்தாலும் அது அரசின் கடன் பாக்கி. எந்த ராக ஆலாபனையும் அந்தப் பாக்கியைத் தீர்க்காது.

ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு நினைப்பும் ஒளிந்திருக்கிறது. ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, காது கிடையாது என்ற நினைப்பு அது. நடைபாதையில் வாழ்கிறவரின் காதில் ஒரு நாள் முழுக்க விழுவதை எண்ணிப் பாருங்கள். பேருந்தின் ஏர்ஹாரன், குப்பை லாரியின் உறுமல், நடுராத்திரியில் தரையைத் தட்டும் லத்தி, “ஏய், எழுந்திரு” என்ற அதட்டல். காப்பகத்துக்குள் வந்தபின் அதட்டல் குறையும், விசாரணை தொடங்கும். பெயர் என்ன, ஊர் எது, ஆதார் இருக்கிறதா, பிள்ளைகள் ஏன் விட்டுவிட்டார்கள்? அந்த மனிதரிடம் எதையும் கேட்காமல், எதையும் திருத்த முயலாமல், இரண்டு மணி நேரம் அவருக்காகவே நான்கு பேர் உட்கார்ந்து வாசிப்பது சின்ன விஷயமா? தலையணையாக வைத்திருக்கும் துணிப்பையை மடியில் வைத்தபடி அவர் தாளம் போடட்டும், போடாமலும் இருக்கட்டும். அந்த நேரம் அவர் பயனாளி இல்லை, ரசிகர்.

அவர்களுக்கு இது புரியுமா என்பது அடுத்த கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் பாரிமுனைப் பக்கமே இருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது, இன்று நடைபாதைக் குடும்பங்கள் வாழும் அதே வட்டாரத்தின் பிராட்வே தியேட்டரில்தான். அதில் பாபநாசம் சிவனின் பாட்டு ஒன்றை எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட, சாருகேசி என்ற பெயர்கூடத் தெரியாமல் அந்த ராகத்தை ஊரே முணுமுணுத்தது. தரை டிக்கெட்காரர்களுக்குப் புரியுமா என்று அன்று யாரும் கவலைப்படவில்லை. கோயிலுக்குள் நுழையத் தடை இருந்த காலத்திலும் நாகஸ்வரம் மதிலைத் தாண்டி வெளியே நின்றவர்களை எட்டியது. கதவு போட்ட அரங்குக்குள் பாட்டு குடியேறியபோதுதான் இந்தச் சந்தேகம் பிறந்தது.

பழைய கதையைப் பார்த்தால் நம் இசையே வீதியில் திரிந்ததுதான். சங்ககாலப் பாணர்கள் யாழைச் சுமந்து பசியோடு ஊர் ஊராக நடந்தவர்கள். சிறுபாணாற்றுப்படை காட்டும் இசைக்கலைஞன் வீட்டில், இடிந்த அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, ஊரார் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுப் பரிமாறுகிறாள். இன்று சென்னை வால்டாக்ஸ் ரோட்டு நடைபாதையில் அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு அடைத்துக்கொள்ள அந்தக் கதவும் இல்லை. தியாகராஜர் திருவையாற்றுத் தெருக்களில் பாடி அரிசி பெற்று வாழ்ந்தவர். ஆராதனை நாளில் வித்வான்கள் இன்றும் அவர் வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் போகிறார்கள். சடங்காக ஆண்டுக்கு ஒரு நாள் தெருவில் இறங்கத் தெரிந்த சங்கீதத்துக்கு, நிஜமாகவே தெருவில் இருப்பவர்களிடம் போக வழி தெரியாதா?

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் அனுபவம் இதில் நமக்கு ஒரு பாடம். 19 வயதில் அந்நகரப் புகழ்பெற்ற ஃபில்ஹார்மோனிக் குழுவில் சேர்ந்த வயலின் கலைஞர் விஜய் குப்தா, வங்காளிக் குடும்பத்துப் பிள்ளை. ஜூலியார்டில் படித்து, மனநோயால் தெருவுக்கு வந்த நதானியேல் ஏயர்ஸ் என்ற இசைக்கலைஞரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. இரண்டே நரம்பு மிஞ்சிய வயலினைத் தெருவில் வாசித்துக்கொண்டிருந்த ஏயர்ஸைப் பத்திரிகையாளர் ஒருவர் கண்டு எழுதியது பின்னாளில் புத்தகமாகவும் படமாகவும் வந்தது. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாக, 2011-ல் குப்தா ‘ஸ்ட்ரீட் சிம்பொனி’யைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கானோர் தெருவில் வாழும் ‘ஸ்கிட் ரோ’வின் காப்பகங்களிலும் சிறைகளிலும் அது வாசிக்கிறது. ஆண்டுதோறும் அங்கே ஹேண்டலின் ‘மெசையா’ பாடப்படும்போது, காப்பகத்தில் இருப்பவர்களும் தங்கள் பாட்டோடு அதில் சேர்ந்துகொள்கிறார்கள். இதில் ஒரு பொருத்தமும் உண்டு. 1742-ல் டப்ளினில் அந்தப் படைப்பு முதன்முறை அரங்கேறியபோதே, வசூலில் ஒரு பங்கு கடன்காரச் சிறையில் கிடந்தவர்களை மீட்கப் போனது.

சென்னைக்கும் இது பொருந்தும். நடைபாதை ஒன்றும் ஊமையாக இல்லை. கானா பிறந்து வளர்ந்தது வடசென்னையின் எளிய மக்களிடம்தான். மூட்டை தூக்குகிறவரும் பூக்கட்டுகிறவரும் தங்களுக்கென்று பாட்டு வைத்திருக்கிறார்கள். கர்னாடக சங்கீதம் அங்கே போனால் விருந்தாளியாகப் போக வேண்டும். அது ஒரு மணி நேரம் பாடினால், அரை மணி நேரமாவது உட்கார்ந்து கேட்கவும் வேண்டும். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-ல் தொடங்கிய கலை விழா, மீனவர் குடியிருப்புக்குள் கச்சேரி போகலாம் என்று காட்டிவிட்டது. பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமம், பூங்காவும் மைதானமும் மேடையாகலாம் என்று காட்டியது. அடுத்த அடி காப்பகத்தின் வாசல்.

அந்த அடியைத் தவறாக எடுத்துவைக்கும் ஆபத்து இருக்கிறது. பேனர் கட்டி, பொன்னாடை போர்த்தி, முதியவர் கண்கலங்கும் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதற்காக ஒரு நாள் போவதானால் போகாமலிருப்பதே மேல். கச்சேரி முடிந்தால்தான் சாப்பாடு என்று யாரையும் உட்கார வைக்கக் கூடாது. எழுந்து போகிறவரைத் தடுக்கவும் கூடாது. விடிவதற்குள் கோயம்பேட்டில் மூட்டை இறக்கப் போகிறவருக்கு இரவுக் கச்சேரி தண்டனை. ஞாயிறு பிற்பகல் அவருக்குத் தோதுப்படலாம். அதையும் அவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மனம் நொந்து வந்தவர்கள் இருக்கும் கூடத்தில் எடுத்த எடுப்பில் தவில் முழங்கினால் மிரண்டுபோவார்கள். வீணையோ புல்லாங்குழலோ, ஒலிபெருக்கி இல்லாமல், அருகில் உட்கார்ந்து வாசிப்பதில் தொடங்கலாம். எதுவானாலும், திரும்பவும் வர வேண்டும். கைவிடப்பட்டவர்களிடம் ஒரு தடவை மட்டும் போய்வருவது இன்னொரு கைவிடல்.

செலவு பெரிதில்லை. பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா என்று நான்கு பேர், ஒரு வேன், ஒரு ஜமுக்காளம். ஆனால் கலைஞருக்கு உரிய சன்மானத்தை சபா கொடுத்தாக வேண்டும். இளம் வித்வான்களை ‘சேவை’ என்ற பெயரில் இலவசமாக அனுப்பிவிட்டு, மூத்தவர்களை ஏ.சி. அரங்குக்கு வைத்துக்கொண்டால் அந்தக் கச்சேரி இரண்டாம் தரம் என்று கேட்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். விளம்பரதாரர்கள் சீசனுக்குத் தரும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். காப்பகங்களின் பட்டியலை மாநகராட்சி தரட்டும், இயல் இசை நாடக மன்றம் ஒருங்கிணைக்கட்டும்.

சீசன் தோறும் ரசிகர்கள் பேனாவும் கையுமாகக் கச்சேரி அட்டவணையைப் புரட்டி, எங்கே யார், எத்தனை மணிக்கு என்று வட்டம் போடுவது வழக்கம். வரும் டிசம்பர் அட்டவணையில், பெரிய வித்வான் ஒருவரின் பெயருக்கு எதிரே ஒரு காப்பகத்தின் முகவரி அச்சாகியிருக்க வேண்டும். அன்று ரசிகர்களும் அங்கே வரட்டும். முன்வரிசைப் பாய் அங்கே தங்கியிருப்பவர்களுக்கு. நாம் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம்.